வலி தொடங்கும் நேரமும் மாத்திரை எடுக்கும் நேரமும்

கவுட் என்ற மூட்டுநோய் பெரும்பாலும் ஆளை இரவில்தான் எழுப்புகிறது. லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1683இல் இந்நோயைப் பற்றி எழுதிய நூலில், நலமாகப் படுக்கப்போனவர் விடியலுக்கு வெகு முன்பே கால் பெருவிரலில் வலி கண்டு விழிப்பதை வர்ணிக்கிறார். அவருக்கே பல்லாண்டுகளாக அந்த நோய் இருந்ததால் வர்ணனை துல்லியமாக அமைந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 724 பேருக்கு வந்த வலிகளை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தது. நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில் வலி தொடங்கும் வாய்ப்பு, காலை எட்டு முதல் பிற்பகல் மூன்று வரையிலான நேரத்தைவிட 2.36 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. தூக்கத்தில் உடலின் நீர் குறைவது, பாதத்தின் வெப்பம் இறங்குவது, அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் சுரப்பு அந்நேரத்தில் தாழ்ந்திருப்பது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

காரணம் எதுவாயினும், அந்த நேரத்தில் மருந்துக்கடை பூட்டியிருக்கும், மருத்துவரைக் கூப்பிட முடியாது. பெருவிரல் மூட்டில் லேசாக ஒரு குத்தல். இப்போதே மாத்திரையைப் போடுவதா, காலை வரை பொறுத்துப் பார்ப்பதா? நோயாளி தனியாக எடுக்கவேண்டிய முடிவு இது. கவுட் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்பதோடு நின்றுவிடுகின்றன. இந்த நள்ளிரவுக் கேள்வியை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நோயாளியின் அடுத்த பத்து நாட்கள் எப்படிப் போகும் என்பதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

மூட்டுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்தே இருக்க முடியாது, படிகமாகப் பிரியத் தொடங்கும். ஊசிபோன்ற இந்த யூரேட் படிகங்கள் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் மூட்டில் கிடக்கும். கவுட் வந்த மூட்டு நீரில் அவை இருப்பதை 1961இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் துருவ ஒளி நுண்ணோக்கியில் காட்டினார்கள். அவை எப்படி வலியாகின்றன என்பது தெளிவாக இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 2006இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப் குழுவினர் அதைக் கண்டறிந்தார்கள். படிகத்தை விழுங்கும் வெள்ளணுவுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற புரதத் தொகுதி விழித்துக்கொள்கிறது. அதிலிருந்து இன்டர்லூகின்-1 பீட்டா வெளிப்படுகிறது. அந்தச் செய்தி கேட்டு நியூட்ரோஃபில் அணுக்கள் கூட்டமாக மூட்டுக்குள் நுழைகின்றன. வந்தவை மேலும் ரசாயனங்களைக் கொட்டி இன்னும் பல அணுக்களை அழைக்கின்றன. இப்படி ஒன்றையொன்று ஏற்றிவிட்டு, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகிறது. மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாக அடங்கிவிடும்.

சீக்கிரம் மருந்து எடுக்கவேண்டும் என்பதன் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. கவுட்டுக்கென்றே பெயர்பெற்ற கொல்கிசின், நியூட்ரோஃபில்களின் உட்சட்டகமான நுண்குழாய்களைக் கலைத்து அவற்றின் நகர்வைத் தடுக்கிறது, இன்ஃப்ளமசோமையும் ஓரளவு அடக்குகிறது. கூட்டம் சேர்வதற்கு முன் தடுப்பது அதற்கு எளிது. சேர்ந்தபின் கலைப்பது கடினம். வலி தொடங்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கொல்கிசின் போட்டுவிட்டு, இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை என்று சொல்பவர்கள் பலர். மருந்தின் குறை என்பதைவிட நேரத்தின் குறையாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

இந்த மருந்துக்கும் தமிழ் மண்ணுக்கும் நேரான உறவு ஒன்று உண்டு. ஐரோப்பாவில் கொல்கிசின் இலையுதிர்காலத்தில் பூக்கும் கொல்சிகம் என்ற செடியிலிருந்து வந்தது. ஆறாம் நூற்றாண்டிலேயே டிராலெஸ் நகரத்து அலெக்சாண்டர் அத்தகைய கிழங்கொன்றை மூட்டுவலிக்குக் கொடுத்திருக்கிறார். அதே வேதிப்பொருள் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவாகவும், ஈழத்தில் கார்த்திகைப் பூவாகவும் அறியப்படும் அதே கொடிதான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர்கள் இதைப் பயிரிடுகிறார்கள். பூக்களுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்த்து எடுக்கும் விதைகள் கொல்கிசின் பிரித்தெடுக்கப் போகின்றன. அந்தக் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்களைத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளும் இலங்கை மருத்துவமனைகளும் நன்கு அறியும். முதலில் வாந்தியும் பேதியும், பிறகு எலும்பு மஜ்ஜை ஒடுக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, பிழைத்தவர்களுக்கு முடி கொட்டுதல். வழக்கமான சிகிச்சையில் இதற்கு முறிமருந்து கிடையாது. கையில் இருக்கும் சின்ன மாத்திரையில் உள்ளதும் அதே பொருள்தான் என்பதை, “சீக்கிரம் போடுங்கள்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அளவு என்ற கேள்விக்கு மருத்துவம் வெகுகாலம் முரட்டுத்தனமான பதில் வைத்திருந்தது. வலி போகும்வரை அல்லது வயிறு கலங்கும்வரை, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை மாத்திரை. 1987இல் ஆஸ்திரேலியாவில் 43 பேரை வைத்து இந்த முறையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். கொல்கிசின் எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 48 மணி நேரத்தில் தேறினார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் தேறியது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கொல்கிசின் எடுத்த ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் பேதியோ வாந்தியோ வந்தது. காலை ஊன்ற முடியாத நிலையில் கழிவறைக்கு ஓடவேண்டிய நோயாளியின் அவதியை நினைத்துப் பார்த்தால், இந்த மருந்தைப் பலர் அஞ்சித் தள்ளிப்போட்டதில் வியப்பில்லை. அந்த அச்சம் இன்றும் நீடிக்கிறது. குத்தல் தொடங்கியதும் மாத்திரையைத் தொடத் தயங்குபவர்களில் கணிசமானோர் அந்தப் பழைய அளவால் சூடுபட்டவர்கள், அல்லது அப்படிச் சூடுபட்ட உறவினரைப் பார்த்தவர்கள்.

நிலைமையை மாற்றியது 2010இல் வெளியான அக்ரீ என்ற அமெரிக்க ஆய்வு. அதன் அமைப்பே நம் கேள்விக்கு நெருக்கமானது. நோயாளிகளிடம் மாத்திரைகளை முன்கூட்டியே கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வலி தொடங்கினால் ஆய்வு மையத்தை அழைத்துவிட்டு, 12 மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். அப்படி எடுத்த 184 பேரில் ஒரு பிரிவுக்கு ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் என்ற பழைய கனத்த அளவு. மற்றொரு பிரிவுக்கு முதலில் 1.2, ஒரு மணி கழித்து 0.6, ஆக 1.8 மில்லிகிராம் மட்டும். மூன்றாம் பிரிவுக்கு வெற்று மாத்திரை. ஒருநாள் கழிந்தபோது வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் குறைந்த அளவுப் பிரிவில் 37.8 விழுக்காடு, கனத்த அளவில் 32.7, வெற்று மாத்திரையில் 15.5. பேதி கண்டவர்கள் முறையே 23, 76.9, 13.6 விழுக்காடு. கூடுதல் மாத்திரையால் கிடைத்தது கூடுதல் பேதி மட்டுமே. அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் அதன்பின் குறைந்த அளவுக்கு மாறின. ஐரோப்பிய மூட்டுநோய்க் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டு பரிந்துரை, வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் 1 மில்லிகிராம், ஒரு மணி கழித்து 0.5 மில்லிகிராம் என்கிறது. இந்தியாவில் மாத்திரை 0.5 மில்லிகிராமில் கிடைப்பதால் இரண்டு, பிறகு ஒன்று என்று கணக்கு எளிதாக நிற்கும். நோயையும் மருந்தையும் முழுமையாகப் புரிந்துகொண்ட நோயாளி, முதல் அறிகுறியிலேயே தானாக மருந்தைத் தொடங்கலாம் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது.

அந்த எண்களை இன்னொரு முறை பார்க்கவேண்டும். குறைந்த அளவை 12 மணி நேரத்துக்குள் எடுத்தும், முதல் நாளில் பாதி வலி குறையாதவர்கள் பத்தில் ஆறு பேர். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் வலி பறந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோய் நான்காவது, ஐந்தாவது மாத்திரையைக் கையில் எடுப்பார். ஆபத்து தொடங்கும் இடம் அதுதான். இன்னொன்று, 12 மணி நேரம் என்பது அந்த ஆய்வில் நுழைவதற்கான நிபந்தனை. நான்காம் மணியில் எடுத்தவரையும் முப்பதாம் மணியில் எடுத்தவரையும் எதிரெதிரே நிறுத்தி அது ஒப்பிடவில்லை. அமெரிக்க மூட்டுநோய்க் கல்லூரியின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் எந்த மருந்தானாலும் 24 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொன்னது. ஆக, பதின்மூன்றாம் மணியில் கதவு சாத்தப்படுவதில்லை. சீக்கிரம் நல்லது என்பதற்கு உயிரியலும் மருத்துவர்களின் நீண்ட அனுபவமும் துணை நிற்கின்றன. குறிப்பிட்ட மணிக்கணக்கை அவ்வளவு இறுகப் பிடிக்கத் தேவையில்லை. விடியும்வரை தூங்கிவிட்டோமே, இனிப் பயனில்லை என்று ஒருவர் மாத்திரையை ஒதுக்கிவைத்தால் அதுவும் தவறுதான்.

சரி, குத்தல் உண்மையிலேயே கவுட்டின் தொடக்கம்தானா? பலமுறை வந்து பழகியவர்கள் இதை வியப்பூட்டும் அளவு சரியாகச் சொல்கிறார்கள். மூட்டில் ஒரு கூச்சம், இறுக்கம், அரிப்புபோன்ற உணர்வு, செருப்பு மாட்டும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாகத் தெரிவது என்று சில மணி நேரம் முன்பே அறிகுறி தென்படும். ஆய்வாளர்கள் கவுட் வலியை வரையறுக்க வகுத்த அளவுகோலில் நான்கு அம்சங்கள் உள்ளன. ஓய்வில் இருக்கும்போதே பத்துக்கு மூன்றைத் தாண்டும் வலி, ஒரு மூட்டிலாவது வீக்கம், ஒரு மூட்டிலாவது சூடு, இவற்றோடு நான்காவதாக, “இது எனக்கு வழக்கமாக வரும் அதே வலிதான்” என்ற நோயாளியின் சொல். நான்கில் மூன்று இருந்தால் கவுட் வலி என்று கொள்ளலாம். நோயாளியின் வாக்குக்கு அறிவியலே இடம் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வீக்கமும் சூடும் வரும்வரை காத்திருந்தால் தொடக்க நேரம் கடந்துபோயிருக்கும். அதிகாலையில் கையில் இருக்கும் சான்று பெரும்பாலும் அந்த நான்காவது அம்சம் ஒன்றுதான்.

ஆனால் அந்த வாக்குக்கு மதிப்பு வருவது நோய் முன்பே உறுதியானவருக்கு. வாழ்க்கையில் முதல்முறை பெருவிரல் வீங்குபவர் தானாக எதையும் தொடங்கக்கூடாது. காய்ச்சலோடு குளிரும் சேர்ந்தாலோ, வழக்கமில்லாத மூட்டு வீங்கினாலோ, மூட்டில் கிருமித் தொற்று இருக்கலாம். அதைச் சில நாட்கள் விட்டால் மூட்டே அழிந்துபோகும், கவுட்டும் தொற்றும் ஒரே மூட்டில் சேர்ந்தும் வரும். நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோயாளியின் பாதம் சிவந்து வீங்கினால் அதை யூரிக் அமிலம் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. உணர்ச்சி மரத்த பாதத்தில் புண்ணோ, எலும்புத் தொற்றோ, நரம்புச் சேதத்தால் எலும்புகள் நொறுங்கும் சார்கோ பாதமோ அப்படித்தான் தொடங்கும். கவுட் என்று நினைத்து ஒரு வாரம் வலிமாத்திரை போட்டால், அந்த ஒரு வாரத்துக்குக் காலையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

தவறான எச்சரிக்கையாக இருந்தால் என்ன இழப்பு? நடந்து களைத்த காலின் சாதாரண வலிக்குக் கொல்கிசின் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகமும் ஈரலும் சரியாக இருந்து, குறைந்த அளவோடு நிறுத்தியவருக்கு இழப்பு மிகச் சிறியது, ஒருநாள் வயிற்றுக் கலக்கமாக இருக்கலாம். தயங்கி விட்டவர் இழப்பதோ ஒரு வார வேலை, ஒரு வாரத் தூக்கம். ஆகவே ஐயம் வரும்போது எடுத்துவிடுவதன் பக்கமே நான் நிற்கிறேன், உடல்நிலை இடம் கொடுப்பவர்களைப் பொறுத்தவரை. இடம் கொடுக்காதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்தவருக்குக் கொல்கிசின் உடலில் தேங்கும். ஐரோப்பியப் பரிந்துரை அவர்களுக்கு அதைத் தவிர்க்கவே சொல்கிறது. அதை வெளியேற்றும் பாதையை அடைக்கும் மருந்துகளும் உண்டு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், டில்டியாசெம் ஆகியவை அவற்றில் சில. 2005இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஓர் ஆய்வு, கிளாரித்ரோமைசினும் கொல்கிசினும் எழுதிக்கொடுக்கப்பட்ட 116 பேரைத் திரும்பிப் பார்த்தது. இரண்டையும் ஒரே காலத்தில் எடுத்த 88 பேரில் 9 பேர் இறந்திருந்தார்கள். ஒன்றை முடித்து மற்றதை எடுத்த 28 பேரில் இறந்தவர் ஒருவர். சளிக்கு மருந்து வாங்கும்போது கவுட் மாத்திரையைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றாது. சொல்லியே ஆகவேண்டும். ஒரு தாக்குதலுக்கான தொடக்க அளவை எடுத்தபின், மருத்துவரைக் கேட்காமல் மறுபடி அதே அளவை எடுக்கக்கூடாது.

கொல்கிசின் மட்டுமே வழி என்றும் இல்லை. 2008இல் நெதர்லாந்தில் ஐந்து நாள் பிரெட்னிசோலோனையும் நாப்ராக்சனையும் ஒப்பிட்டதில் இரண்டும் சமமாகவே வலியைக் குறைத்தன. 2020இல் இங்கிலாந்தில் பொதுமருத்துவர்களிடம் வந்த 399 பேரிடம் நாப்ராக்சனையும் குறைந்த அளவுக் கொல்கிசினையும் ஒப்பிட்டபோதும் வலிக்குறைப்பில் வேறுபாடு இல்லை. பக்கவிளைவு நாப்ராக்சனில் குறைவு. ஆகவே எந்த மருந்து என்பதை ஆளின் மற்ற நோய்கள்தான் முடிவுசெய்யவேண்டும். வயிற்றுப்புண், இதயநோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் வகை வலிமாத்திரைகள் ஆகாது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்கு அவை சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கலாம். பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றும். ஒருவருக்குப் பொருந்துவது எதுவோ அது வீட்டு அலமாரியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பெயர் எழுதாத பொட்டலத்தில் நாலைந்து மாத்திரைகளைச் சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் கடைப் பழக்கத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். அதில் ஸ்டீராய்டும் வலிமாத்திரையும் ஒன்றாகக் கிடக்கலாம், அடுத்த மருத்துவரிடம் என்ன எடுத்தேன் என்று சொல்லக்கூட நோயாளிக்கு வழியிருக்காது. மாத்திரையோடு துணி சுற்றிய பனிக்கட்டியை மூட்டில் வைப்பது உண்மையாகவே உதவும்.

தொடக்க வலிக்குத் தவறான மருந்தை எடுப்பது தயக்கத்தைவிடப் பரவலான பிழை. யூரிக் ஆசிட் மாத்திரை என்று நாம் அழைக்கும் அல்லோபியூரினாலையும் ஃபெபுக்சோஸ்டாட்டையும் குத்தல் வந்ததும் போட்டு, வலி அடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். இவை வலியை அடக்கும் மருந்துகளே அல்ல. அமில அளவு திடீரென்று இறங்கும்போது மூட்டில் கிடக்கும் படிகங்கள் அசைந்து புது வலியைக் கிளப்பும். மாதக்கணக்கில் விடாமல் எடுத்து 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருந்தால்தான் படிகங்கள் கரைந்து வெளியேறும். தினமும் எடுத்துக்கொண்டிருப்பவர் வலி வந்ததற்காக நிறுத்தவும் கூடாது. வலி நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, யூரிக் அமிலம் இயல்பாக இருக்கிறது, ஆகவே இது கவுட் அல்ல என்று முடிவெடுப்பதும் இதே வகைப் பிழை. தாக்குதலின்போது அந்த அளவு இறங்கிக் காட்டுவது உண்டு. அடங்கி இரண்டு வாரமாவது கழித்துத் திரும்பப் பார்க்கவேண்டும். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுப்பவர்கள், அது யூரிக் அமிலத்தைச் சற்றுக் கூட்டும் என்று கேள்விப்பட்டுத் தாமாக நிறுத்திவிடக்கூடாது. காசநோய்க்குப் பைரசினமைடு எடுப்பவர்களுக்கும் அமிலம் ஏறும். அங்கும் முடிவு சிகிச்சை தரும் மருத்துவருடையது.

இவ்வளவையும் அதிகாலை இரண்டு மணிக்கு வலியோடு உட்கார்ந்து யாராலும் யோசிக்க முடியாது. பகலில், வலியில்லாத நாளில், மருத்துவர் முன் அமர்ந்து எடுக்கவேண்டிய முடிவு இது. எந்த மருந்து, முதலில் எத்தனை, எப்போது அடுத்தது, எத்தனையோடு நிறுத்துவது, எத்தனை நாள் தொடர்வது, எந்த மருந்தோடு சேரக்கூடாது, எந்த அறிகுறி கண்டால் மாத்திரையைத் தொடாமல் மருத்துவமனைக்குப் போவது என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதிவாங்கி, மாத்திரை அட்டையோடு சேர்த்து வைக்கவேண்டும். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் இதற்கு நேரமேது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு பதில் கிடைத்தது. 517 கவுட் நோயாளிகளில் ஒரு பாதியினரைப் பயிற்சிபெற்ற செவிலியர்கள் கவனித்தார்கள், மறுபாதியினர் வழக்கமான மருத்துவரிடம் சென்றார்கள். செவிலியர்கள் நோய் எப்படி வருகிறது, மருந்து எதற்கு என்பதை உட்கார்ந்து விளக்கி, நோயாளியின் கருத்தையும் கேட்டு, அளவைப் படிப்படியாக உயர்த்தினார்கள். 2018இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டு ஆண்டு முடிவில் யூரிக் அமிலம் இலக்குக்குள் வந்தவர்கள் செவிலியர் பிரிவில் 95 விழுக்காடு, மறு பிரிவில் 30. இரண்டாம் ஆண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வந்தவர்கள் 8 விழுக்காடு, மறு பிரிவில் 24. தமிழ்நாட்டில் வீடுதேடிச் சென்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே நடக்கிறது. கவுட் உள்ளவர்களில் பலர் அதே பட்டியலில் இருப்பவர்கள்தான். அந்த வருகையில் பத்து நிமிடம் சேர்த்தால் இந்தச் சீட்டை எழுதிவிடலாம்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் தினசரி மருந்தைத் தொடங்கியவர்களுக்குச் சீட்டில் இன்னொரு வரியும் தேவைப்படும். முதல் சில மாதங்களில் வலி முன்பைவிட அடிக்கடி வரலாம் என்பதால், மூன்று முதல் ஆறு மாதம் வரை சிறிய அளவுக் கொல்கிசினைக் காப்பாகச் சேர்த்துக் கொடுப்பது இன்றைய முறை. அப்படி எடுத்துக்கொண்டிருக்கும்போதே குத்தல் தொடங்கினால் முழுத் தொடக்க அளவையும் அதன்மேல் போடலாமா, அன்றைய காப்பு மாத்திரையைக் கழித்துக்கொள்ளவேண்டுமா, அல்லது அந்த முறை வேறு மருந்துக்குப் போகவேண்டுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தினசரி மருந்து எழுதப்படும் அன்றே மருத்துவரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.